கை தூக்கினால் முடிந்தது

முரட்டுக் குதிரை முதுகில்கூட வியர்க்காத டெல்லா ஹாட்ச்கிஸ்ஸுக்குப் புள்ளியியல் வினாத்தாளைப் பார்த்ததும் வியர்த்துக் கொட்டியது. அமெரிக்காவின் வயோமிங்கில் அவள் படிக்கும் சின்னக் கல்லூரியில், குதிரையும் கயிறுமாக மோதும் ரோடியோ விளையாட்டு அணிக்கு ஒரே கண்டிப்பு: பாடத்தில் தேறினால்தான் களம். நாளை பருவத்தின் கடைசிப் போட்டி. ஆடு கட்டும் பந்தயத்தில் முதலிடம் அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதனால்தான் கெஞ்சிக் கூத்தாடி, பேராசிரியை மிசஸ் ஹோல்மின் அறையில் தனியாக, முன்கூட்டியே தேர்வு எழுத அனுமதி வாங்கியிருந்தாள்.

வெளியே, குதிரையை ஏற்றிய இழுவைப் பெட்டியைக் கோத்த டிரக்கில் உட்கார்ந்து பயிற்சியாளர் பர்ட் விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். அந்த மனுஷனுக்குப் பொறுமை என்பதே கிடையாது.

மிசஸ் ஹோல்ம் போன வாரம்தான் முதன்முதலாகக் களத்துக்கு வந்திருந்தார். ஓடும் குதிரையிலிருந்து குதித்து, ஆட்டைச் சாய்த்து, மூன்று காலைக் கட்டிவிட்டு எழுந்த டெல்லாவிடம் கேள்வி மேல் கேள்வி.

"கட்டி முடிச்சதும் எதுக்கும்மா ரெண்டு கையையும் தூக்குற?"

"முடிச்சிட்டேன்னு அர்த்தம் மேடம். அப்புறம் தலைகீழா நின்னாலும் கயித்தைத் தொடக்கூடாது. ஆறு செகண்டு கட்டு அவிழாம நின்னா ஜெயிச்சோம், அவிழ்ந்தா அம்புட்டுதான்."

இப்போது தேர்வறையில் கடைசிக் கணக்கை எழுதி முடித்த டெல்லா பென்சிலைப் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் படாரென்று தூக்கினாள். தூக்கிய பிறகுதான் புத்தி வந்தது. அதற்குள் தாள் பேராசிரியை கையில்.

"ஐயோ மேடம், நாலாவது கணக்குல ஒண்ணு மாத்தணும்!"

"கையைத் தூக்கிட்டியே."

"அது பழக்கதோஷம் மேடம்! தானா போயிடுச்சு!"

"நடுவர்கிட்டயும் இப்படித்தான் சொல்லுவியா?"

மிசஸ் ஹோல்ம் அங்கேயே தாளைத் திருத்தத் தொடங்கினார். சிவப்புப் பேனா நகர நகர அவள் உயிர் போய்ப் போய் வந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு பர்ட் நுழைந்தார். "என்ன புள்ள, ஆடு இன்னும் துள்ளுதா?"

"சும்மா இருங்க கோச்! கட்டு நிக்குதான்னு பாக்குறாங்க."

மிசஸ் ஹோல்ம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நாலாவதுல என்னத்தை மாத்தணும்ன?"

"பெருக்கிட்டேன் மேடம். வகுத்திருக்கணும்."

"பெருக்குனதுதான் சரி. வகுத்திருந்தா ஃபெயில் ஆகியிருப்ப."

டெல்லாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மிசஸ் ஹோல்ம் மதிப்பெண்ணைப் போட்டார். பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, வாழ்க்கையில் ஒரு ஆட்டைக்கூடத் தொட்டிராத அந்த அம்மாள், இரண்டு கைகளையும் உயரத் தூக்கினார்.

"தூக்கிட்டீங்க மேடம்! இனிமே தொடக்கூடாது!" என்று கத்திக்கொண்டே டெல்லா டிரக்கை நோக்கி ஓடினாள்.