பக்கத்து வீட்டு வெந்நீர்

தையற்காரர் வீட்டுக் குழாயைப் பக்கத்து லாரி ஓட்டுநர் வீட்டுத் தொட்டியோடு தவறாக இணைத்த குழாய்க்காரன் நான்தான். ஓட்டுநர் மனைவி கொடுத்த தேநீரில் கவனம் போய்விட்டது. அன்றிலிருந்து தையற்காரர் வீட்டில் யாருக்குக் கோபம் வந்தாலும் ஓட்டுநர் வீட்டுக் குழாயில் வெந்நீர் வந்தது. சின்னச் சிடுசிடுப்புக்கு வெதுவெதுப்பாக; தைத்த சட்டை அளவு சரியில்லை என்று திரும்பி வந்தால் ஆவி பறக்க.

முதல் சில வருடங்கள் அது வசதியாகவே இருந்தது. குளிர் நாட்களில் ஓட்டுநர் மனைவி மதில்மேல் எட்டிப் பார்த்து, "அக்கா, குளிக்கணும், மாமாவோட கொஞ்சம் சண்டை போடுங்களேன்" என்பாள். தையற்காரர் மனைவியும் தட்டாமல் போடுவாள். இணைப்பை வெட்டட்டுமா என்று நான் கேட்கும்போதெல்லாம், "நீங்க கைவச்சு எதுண்ணே உருப்பட்டிருக்கு?" என்பாள் ஓட்டுநர் மனைவி. அது பதில் இல்லை. உண்மை.

பிறகு, தையற்காரரின் மகள் வேலை பார்த்த ஆலையில், உற்பத்தி வேகமாக நடக்கவேண்டும் என்று, அழுத்தும் இயந்திரத்தின் காப்புத் தகட்டைக் கழற்றி வைத்தார்கள். அவள் வலது கையில் மூன்று விரல்கள் போயின. மேலாளர் வீட்டுக்கே வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "கை அங்க எதுக்கும்மா போச்சு?" என்று கேட்டார். 'என் கவனக்குறைவுதான்' என்று எழுதியிருந்த தாளை நீட்டி, இடது கையால் கையெழுத்துப் போட்டாலும் செல்லும் என்றார். யாரும் கத்தவில்லை. மகள் தாளை நான்காக மடித்து அவர் சட்டைப் பையிலேயே செருகினாள். அடுத்த வீட்டில் குழாய் கொதித்தது.

ஆறு வருடம் கொதித்தது. ஆலைமீது அவள் போட்ட வழக்கு தள்ளிப்போன நாட்களில் பிளாஸ்டிக் வாளிகள் இளகி உட்கார்ந்தன. ஓட்டுநர் வீட்டில் கொப்புளம் இல்லாத கை கிடையாது. குடிக்கும் தண்ணீரை முந்தின நாளே பிடித்து ஆறவைத்தார்கள். ஓட்டுநர் தினமும் வேலைக்குப் போகும் வழியில் இரண்டு வாளி வெந்நீரை ஆலை வாசலில் வைத்துவிட்டுப் போவார். ஆவி படிந்த மேலாளர் அறைக் கண்ணாடி சாயங்காலம்வரை தெளியாது. எனக்கும் ஆத்திரம்தான். ஆனால் என் ஆத்திரம் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடச் சூடாக்கவில்லை.

கண்ணாடி துடைத்து அலுத்துப்போன ஆலைக்காரர்கள், நகராட்சியில் ஓர் உத்தரவு வாங்கினார்கள்: ஓட்டுநர் வீட்டார் சம்மதித்தால் இணைப்பைத் துண்டிக்கலாம். துண்டிக்க அனுப்பப்பட்டவனும் நான்தான்.

ரம்பத்தோடு ஓட்டுநர் வீட்டில் போய் நின்றேன். மதிலுக்கு அந்தப்பக்கம் மகள் இரண்டு விரலால் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை, நூல் மட்டும் பாதியில் நின்றது.

"வெட்டட்டுமாம்மா?" என்று ஓட்டுநர் மனைவியிடம் கேட்டேன். வழக்கமான கிண்டலுக்குத் தயாராகத் தலையைக் குனிந்தும் கொண்டேன்.

ஓட்டுநர் மனைவி கையில் சுற்றியிருந்த துணியை இறுக்கிக் கட்டினாள். "வேண்டாம்ண்ணே. அவங்க மட்டும் தனியா கொதிக்கக்கூடாது."