ஐந்தாம் லேனின் பலகை

கட்கி தோட்டா ஃபாக்டரியில் இருபத்தெட்டு வருஷம் எனக்குச் சம்பளம் கொடுத்தது சந்தேகப்படுவதற்காக. இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். தட்டுத் தட்டாகத் தோட்டாக்கள் வரும். கீறலோ நசுங்கலோ இருந்தால் பொறுக்கிச் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். சுட்டுப் பார்ப்பது வேறு செக்‌ஷன். எங்கள் வேலை கண்ணோடு சரி. ஆயிரம் நல்லதைப் பார்த்ததற்கு யாரும் சபாஷ் சொன்னதில்லை, ஒரு கெட்டது தப்பினால் மெமோ வரும். அப்படிப் பழகிய கண் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? காய்கறிக்காரர், வாட்ச்மேன், என் வீட்டுக்காரர் சின்னதுரை, எல்லாரையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்.

2004இல் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு சிஞ்ச்வட்டில் துப்பாக்கி சுடும் கூடம் திறக்கப் போகிறேன் என்றபோது, சின்னதுரை பேப்பரை மடித்து வைத்துவிட்டு, உன் இஷ்டம் என்றார். அந்த வருஷம்தான் ஒலிம்பிக்ஸில் நம் நாட்டுக்குத் துப்பாக்கி சுடுதலில் வெள்ளி கிடைத்திருந்தது. ஆனால் நான் நாட்டுக்காக ஒன்றும் கிளம்பவில்லை. என் மகள் ஸ்நேஹாவுக்குப் பதினெட்டு வயசு, மாநிலப் போட்டியில் நாலாவதாக வந்தவள். பாணேருக்கு அந்தப் பக்கம் இருந்த ரேஞ்சுக்கு இரண்டு பஸ் மாறிப் போய், வரிசையில் காத்திருந்து, அரைமணி நேரம் சுட்டுவிட்டு வருவாள். சொந்தமாக ஓர் இடம் இருந்தால் நாலு ஒன்றாகிவிடும் என்று நினைத்தேன்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சொஸைட்டியின் சுவரை ஒட்டி மூடிக் கிடந்த லேத் பட்டறையை வாடகைக்குப் பிடித்தேன். சுடுபவருக்கும் குறிக்கும் நடுவே பத்து மீட்டர் வேண்டும், தாராளமாக இருந்தது. ஆள் ஒருவர் நின்று சுட ஒரு லேன், அப்படி ஐந்து லேன், காற்றுத் துப்பாக்கி மட்டும். போர்டில் ‘ரைஃபிள்’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் பட்டறைக்காரர் சாவியைத் திருப்பிக் கேட்டார். அவரைச் சமாதானம் செய்வதற்குள் மகளிர் மண்டலத்திலிருந்து ஏழு பேர் வந்து, குண்டு சமையலறை ஜன்னல் வழியாக வருமா என்று விசாரித்தார்கள். தீயணைப்பு ஆபீஸில் இது எந்தத் தலைப்பில் வரும் என்றே தெரியவில்லை. கடையா, பள்ளிக்கூடமா, சினிமா தியேட்டரா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாம் முடித்து வந்தால் போலீஸ் கையெழுத்து வேண்டும் என்றார்கள். கல்யாணத்தைப் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவர் இந்த வேலையில் இறங்கிப் பார்த்ததில்லை.

குறிக்குப் பின்னால் இரும்புத் தகடு இருக்க வேண்டும். நாலு லேனுக்கு வந்துவிட்டது. ஐந்தாவதற்கு மூன்று வாரம் ஆகும் என்று கை விரித்தான் ஃபேப்ரிகேஷன்காரன். தசராவுக்குத் திறப்பதாக நாள் குறித்தாகிவிட்டது. மூன்று பிளைவுட் பலகையை ஒன்றாக அறைந்து நிறுத்தி, ஐந்து லேனுக்கும் ஒரே கறுப்புத் திரையைத் தொங்கவிட்டேன். தகடு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம், அதுவரைக்கும் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தசராவுக்குப் பத்து நாள் இருக்கும்போது சப் இன்ஸ்பெக்டர் தும்பரே ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார். மேஜையில் மராத்தியில் எழுதிய ஒரு மொட்டைக் கடிதம். கொட்டை கொட்டையாக, யார் கை என்று தெரியாதபடி எழுதியிருந்தது. அவரே படித்துக் காட்டினார். ஐந்தாவது லேனில் தகடு இல்லை, வெறும் மரப்பலகை. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸுக்கு நடக்கிற பாதை. பார்த்துவிட்டு அனுமதி கொடுக்கவும். எனக்குக் காது சுட்டது. எழுத்தில் பதில் வரும்வரை கையெழுத்து இல்லை என்றார். பிறகு கடிதத்தின் தலைப்பைப் பேனாவால் தொட்டு, இது இரண்டாம் நம்பர் கடிதமா, அப்படியானால் ஒன்றாம் நம்பர் யாரிடம் போனது என்று என்னையே கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். மராத்தி இரண்டும் நம் ‘உ’வும் பார்க்க ஒரே சாயல்தான், ஆனால் அது இரண்டு இல்லை. பிள்ளையார் சுழி. கீழே இரண்டு கோடு.

மராத்தியில் எழுதினாலும் கை தமிழ்க் கை. எங்கள் சொஸைட்டியில் தமிழ் வீடு இரண்டே இரண்டு. ஒன்று என்னுடையது. இன்னும் என்ன விசாரணை வேண்டும்? மூன்றாம் மாடி கிருஷ்ணஸ்வாமி, ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், சொஸைட்டி செக்ரட்டரி. போன வாரம்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பேஷ் பேஷ் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இரண்டாவது பேஷ் அப்போதே எனக்கு இடித்தது. திரையின் பக்கம் கொஞ்சம் அதிக நேரம் நின்றதாகவும் இப்போது ஞாபகம் வந்தது. சந்தேகம் வந்துவிட்டால் ஞாபகத்துக்கும் கால் முளைத்துவிடும்.

நேரே மூன்றாம் மாடிக்குப் போனேன். அவர் மனைவி ருக்மிணி கொடுத்த காபியைத் தொடவில்லை. தமிழனுக்குத் தமிழன்தான் குழி வெட்டுவான் என்று ஆரம்பித்து வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்து மூடின. நான் மூச்சு வாங்கியபோதுதான் கிருஷ்ணஸ்வாமி வாயைத் திறந்தார்.

"முப்பது வருஷம் பேங்க்ல இருந்தவன் நான். கையெழுத்து இல்லாத காயிதம் என் கையிலேர்ந்து போகாதும்மா. மராத்தியில பஸ் பாஸ் ஃபாரம் நிரப்பவே நான் பக்கத்தாத்துப் பையனைத்தான் கூப்பிடறேன்."

நடிப்பு என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். ஆனாலும் படியில் இறங்கும்போது மனசுக்குள் ஏதோ உறுத்தியது. பலகையைப் பற்றி அவருக்குத் தெரிய வழியில்லை. கார்பெண்டருக்குத் தெரியும், ஆனால் அவன் பீகார்க்காரன். பிள்ளையாரைக் கும்பிடுவான், சுழி போடமாட்டான்.

அன்று சாயங்காலம் போலீஸுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எனக்கு மராத்தி பேச வரும், எழுதினால் காக்கா கால்தான். காலேஜிலிருந்து வந்த ஸ்நேஹாவைக் கூப்பிட்டு, நான் சொல்லச் சொல்ல எழுது என்று பேப்பரைக் கொடுத்தேன். அவளுக்கு எதற்கு என்று கூடக் கேட்கத் தோன்றவில்லை. பேனா மூடியைக் கழற்றினாள். பேப்பரின் உச்சியில் நடுவாகச் சின்னதாக ஒரு சுழி, கீழே இரண்டு கோடு. அப்புறம்தான் தேதி எழுதினாள்.

ஸ்நேஹாவுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. கட்கியில் பிறந்து மராத்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். முதல் பரீட்சைக்குப் போகும்போது நான்தான் அவள் கையைப் பிடித்து இந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொடுத்தேன். இதைப் போட்டுவிட்டு எழுது, தப்பு வராது என்று சொன்னேன். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் எழுத்து. அதனால்தான் தமிழ்க் கையைத் தேடியபோது அவள் என் கணக்கிலேயே வரவில்லை.

நான் சொல்வதை நிறுத்திவிட்டதைப் பார்த்து அவள் நிமிர்ந்தாள். என் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். மறைக்கவில்லை.

"ஹாம்மா. நான்தான். ஜூட் ஒண்ணும் எழுதல, உள்ளதைத்தான் எழுதினேன். பலகை இருக்குதானே?"

பெற்றவளுக்கே இப்படிச் செய்வாயா என்று கேட்டேன். கை ஓங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் நகரவில்லை.

"எனக்கு ஷூட்டிங் வேணாம்மா. ரெண்டு வருஷமா வேணாம். கை நடுங்குதுன்னு சொன்னேன், டாக்டர்கிட்ட காட்டின. தூக்கம் வரலன்னு சொன்னேன், பாதாம் ஊற வெச்ச. பிடிக்கலன்னு சொன்னா நீ எதை ரிப்பேர் பண்ணுவன்னு தெரியல. இதுல வேலையும் விட்டுட்ட. ரேஞ்ச் நின்னுட்டா எல்லாம் நின்னுடும்னு நெனச்சேன்."

சின்னதுரை பேப்பருக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. அவருக்குத் தெரியும் என்பது அந்தப் பேப்பர் அசையாமல் இருந்ததிலேயே தெரிந்தது. ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட நான், என் வீட்டுக்குள் இருந்த இரண்டு பேரையும் என்னையும் விட்டுவிட்டேன். மரப்பலகையைத் திரை போட்டு மூடியது யார்? இதே காரியத்தை ஃபாக்டரியில் வேறொருத்தி செய்திருந்தால் அவள் வேலையைத் தொலைக்காமல் விட்டிருப்பேனா? கோபமா வெட்கமா என்று பிரித்துப் பார்க்கவும் முடியவில்லை.

மறுநாள் தேதியும் சுழியும் மட்டும் இருந்த அந்தப் பேப்பரில், என் காக்கா கால் எழுத்திலேயே இரண்டு வரி எழுதினேன். ஐந்தாவது லேனில் பலகைதான் இருக்கிறது. தகடு வரும்வரை திறக்கமாட்டேன். கையெழுத்துப் போட்டு ஸ்டேஷனில் கொடுத்தேன். தும்பரே மேலே இருந்த சுழியைப் பார்த்தார். இழுப்பறையிலிருந்து பழைய கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன். தன் கூடத்தின் மேல் தானே புகார் எழுதுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார். இருபத்தெட்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவள், என் சரக்கை நானே பாஸ் செய்யக்கூடாது சாகேப் என்றேன். அவர் நம்பவில்லை. என்னிடமிருந்தே ஒட்டிக்கொண்டதுபோல ஒரு சந்தேகத்தோடு பார்த்தார். ஆனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

கிருஷ்ணஸ்வாமி வீட்டுக்குப் போய், அன்று குடிக்காத காபியைக் கேட்டு வாங்கிக் குடித்தேன். மன்னிப்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் காபி நன்றாக இருக்கிறது என்றேன். அவரே, திறப்பு விழா எப்போ என்று பேச்சை மாற்றிக் காப்பாற்றினார்.

தசரா போய், தீபாவளியும் போய், தகடு வந்து, கையெழுத்தும் வந்தது. திறந்த அன்று சொஸைட்டியே வந்திருந்தது. முதல் குண்டை யார் சுடுவது என்று பேச்சு வந்தபோது எல்லாரும் ஸ்நேஹாவைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுடுகிறேன் என்றேன். இருபத்தெட்டு வருஷத்தில் லட்சக்கணக்கான தோட்டாக்களைத் தொட்டவள், ஒன்றைக்கூடச் சுட்டதில்லை. ஆசை யாருடையது என்று எனக்கே அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

ஐந்தாவது லேனில் நின்று அவள் துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். முதுகுக்குப் பின்னால் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். குறி எங்கோ கடுகளவுக்குத் தெரிந்தது. என் கை நடுங்கத் தொடங்கியது. நிறுத்தப் பார்த்தேன், இன்னும் நடுங்கியது. ஸ்நேஹா பக்கத்தில் வந்து நின்று, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"வரலன்னா வெச்சிடும்மா. பரவால்ல."

இரண்டு வருஷமாக என் வாயிலிருந்து அவள் கேட்கக் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தைதான். துப்பாக்கியைக் கீழே வைத்தேன்.