ஐந்தாம் மிஷின்

மின்சாரச் செலவைக் கால் பங்காவது குறைக்க வேண்டும் என்று மேனேஜர் சொன்னதும், ஆலையின் எலக்ட்ரீஷியன் மீட்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பிளாஸ்டிக் வாளி வார்க்கும் ஆலை அது. மொத்தம் எட்டு மிஷின்கள். காற்றுக் குழாய்களில் சோப்புத் தண்ணீர் தடவி, நுரை கிளம்பிய இடங்களையெல்லாம் அடைத்தார். பிளாஸ்டிக்கை உருக்கும் ஹீட்டர்கள் வெப்பத்தை வெளியே விடாதபடி தடித்த உறை மாட்டினார். அதிலேயே பாதி வேலை முடிந்தது.

மிச்சம் ஐந்தாம் மிஷின்தான். பழசு. வாளி அச்சுக்குள் ஆறிக்கொண்டிருக்கும்போதுகூட அதன் எண்ணெய்ப் பம்பு வெட்டியாக ஓடிக்கொண்டே இருக்கும். பத்தொன்பது வருஷமாக அதை ஓட்டுகிறவர் எலக்ட்ரீஷியனின் மச்சான், மனைவியின் அண்ணன்.

“என்ன மாப்பிள்ளை, என்னைவிட அதிகமாத் தின்னுதா?”

“மத்த மிஷினைவிட ரெண்டு மடங்கு, மச்சான்.”

மச்சானின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. “கொஞ்சம் முன்னப்பின்ன எழுதக் கூடாதா?”

“மெயின் மீட்டரை மேனேஜரும் பார்க்கிறார். கூட்டினா உதைக்கும்.”

உள்ளதை எழுதினார். பம்பு மோட்டாரை மட்டும் மாற்றினாலே போதும் என்றும் ஒரு வரி சேர்த்தார். மேனேஜரின் விரல் அந்த வரியில் நிற்காமல் கீழே இறங்கியது.

இரண்டு மாதத்தில் புது மிஷின் வந்தது. வாளியை எடுத்து அடுக்க அதற்கே ஓர் இயந்திரக் கை இருந்தது. பழசைக் கிரேன் தூக்கியபோது எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எலக்ட்ரீஷியன் அறுத்த ஒயர் முனைகளுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். நெஞ்சை அடைக்கும் என்று எதிர்பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. மச்சானைப் பேக்கிங்குக்கு அனுப்பினார்கள், வாளிக்குக் கம்பிப் பிடி மாட்டும் வேலை.

மூன்றாம் நாள் மனைவி, “அண்ணன் கையெல்லாம் கொப்புளம்” என்றாள்.

“ம்.”

“உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?”

“தோணும்னுதான் நினைச்சேன்” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார்.

அடுத்த வாரம் மேனேஜர் கூப்பிட்டார். “பேக்கிங்ல விசிறி தேவைக்கு மேல ஓடுது. எதை நிறுத்தலாம்னு பாருங்க.”

மச்சான் யாரும் சொல்லாமலே ஏணியை இழுத்துவந்து போட்டார். “ஏறுங்க மாப்பிள்ளை, நான் பிடிச்சுக்கறேன்.”

ஏறினார். மீட்டர் காட்டியதை மேலிருந்து சொன்னார். மச்சான் அதை அட்டைப் பெட்டி ஒன்றின் மேல் எழுதிக்கொண்டார். பிறகு இருவரும் ஏணியை அடுத்த விசிறிக்குக் கீழே நகர்த்தினார்கள்.