பழுது எந்த ரேமில்

அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் வேலை. வீட்டிலும் மிக்ஸி நின்றாலும் குழாய் ஒழுகினாலும் ஸ்க்ரூடிரைவரைத் தூக்குவது அவர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அதனால்தான், அந்தப் புதன்கிழமை வேலை முடிந்து வந்தபோது, மனைவியின் கம்ப்யூட்டர் பெட்டி மேசைமேல் திறந்து கிடக்க, அதற்குள் தன் தம்பி கையை விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டார்.

மனைவி பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவள். படம் நிறைந்த பக்கங்களைத் திறந்தால் கம்ப்யூட்டர் ஆமையாக ஊர்ந்தது. சில சமயம் அப்படியே உறைந்தது. தம்பிக்கு ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

"அண்ணி ஃபோன்ல சொன்னாங்கண்ணே. மெமரி பத்தலை, இன்னொரு ரேம் போட்டிருக்கேன். இனிமே பறக்கும் பாரு."

"எங்கிட்ட சொன்னா நான் போட மாட்டேனா?"

"ரெண்டு மாசமா சொல்றேன்," என்றாள் மனைவி. "உங்க காதுல ஏறினாத்தானே?"

தம்பி சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மெக்கானிக்குக்குச் சுருக்கென்று தைத்தது. சின்ன வயதிலிருந்தே இதே கதைதான். இவர் சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப்போட்டு கிரீஸ் கையோடு முழிப்பார். தம்பி வந்து கடைசி நட்டைத் திருகுவான். வீடே அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும்.

மறுநாள் மதியம் கம்ப்யூட்டர் நீலத் திரையைக் காட்டிவிட்டு அணைந்தது. வெள்ளிக்கிழமை நான்கு முறை. ஆறாம் வகுப்பு அறிவியலில் இதயத்தின் படம் போட்ட பக்கம், சேமிப்பதற்குள் போயே போய்விட்டது. மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஜில்லென்று இறங்கியதையும் அவரால் மறுக்க முடியவில்லை.

"பறக்கும்னான்ல? பறந்துடுச்சு," என்றார்.

சனிக்கிழமை காலை அவள் இரண்டு நாள் அவகாசம் கூடுதலாகக் கேட்பதற்காகப் பதிப்பகத்துக்குப் போனாள். மெக்கானிக் பெட்டியைத் திறந்தார். ரேம் இரண்டையும் கழற்றி, முனைகளை ரப்பரால் துடைத்து, டக்கென்று பூட்டும்வரை அழுத்தி மாட்டினார். மறுபடியும் நீலத் திரை. சரி, ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம் என்று புதியதை மட்டும் மாட்டி, ரேமைச் சோதிக்கும் மென்பொருளை ஓடவிட்டார். திரையில் எப்போது சிவப்பு வரி வரும் என்று ஆசையோடு காத்திருந்தார். ஒன்றரை மணி நேரம் ஓடியும் ஒரு பிழைகூட வரவில்லை.

பிறகு பழையதை அதே இடத்தில் மாட்டினார். நான்கே நிமிடத்தில் திரை முழுக்கச் சிவப்பு.

அந்தப் பழைய ரேமை நான்கு வருடங்களுக்கு முன் வாங்கி மாட்டியவர் அவரேதான். அன்று அவள், "எங்க வீட்டுக்காரரே சரிபண்ணிட்டாரு" என்று பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லித் திரிந்தாள். இத்தனை நாள் கம்ப்யூட்டர் உறைந்ததற்கும் இதுதான் காரணமாக இருந்திருக்கும். அவர் சோதனையை நிறுத்தி, இரண்டையும் முன்புபோலவே மாட்டி வைத்தார்.

கதவு திறந்தது.

"என்னங்க, ஏதாவது தெரிஞ்சுதா?"

"புது ரேம்தான் கோளாறு," என்றது அவர் வாய்.

அவள் அந்த நிமிடமே கொழுந்தனுக்கு ஃபோன் போட்டாள். "உங்களை நம்பித்தானே தம்பி விட்டேன்? என் ரெண்டு நாள் வேலை போச்சு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்ல?" இப்படி ஒரு குரலில் அவள் அவனிடம் பேசி அவர் கேட்டதே இல்லை. ஆசைப்பட்டது இதற்குத்தான். கேட்டபோது இனிக்கவில்லை.

தம்பி சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு அரைமணியில் ஓடி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"மன்னிச்சிருங்க அண்ணி. போன பக்கத்தையெல்லாம் கூடவே உக்காந்து போட்டுத் தரேன்." புதிய ரேமைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "பழசு இருக்கட்டும். அது அண்ணன் போட்டது, நம்பி ஓட்டலாம்."

மெக்கானிக்குக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"டேய், அதைத் திருப்பி மாட்டு. பழசுதான் போச்சு. காலையிலேயே டெஸ்ட் பண்ணிட்டேன்."

மனைவி அவரையே பார்த்தாள். "தெரிஞ்சுக்கிட்டா அப்படிச் சொன்னீங்க?"

"ஆமா."

"ஏன்?"

"நீ இவனைக் கூப்பிட்டே. எனக்கு வயிறு எரிஞ்சுது."

தம்பி சிரித்து மழுப்புவான் என்று அவர் நினைத்தார். அவன் சிரிக்கவில்லை.

"அதுக்கு அண்ணி வாயால என்னைத் திட்டு வாங்க வைக்கணுமாண்ணே?"

"தப்புதான்டா. மன்னிச்சுக்கோ." தம்பியிடம் அவர் மன்னிப்புக் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"சரி, விடு," என்றான் அவன். முகம் மட்டும் தெளியவில்லை. பழையதைக் கழற்றி மேசைமேல் வைத்தான், புதியதை மாட்டினான், தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினான். மனைவியும் அன்று அவரிடம் பேசவில்லை. இதயப் பக்கத்தை முதலிலிருந்து போட்டாள். கம்ப்யூட்டர் ஒருமுறைகூட நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் மெக்கானிக் நேராகத் தம்பி வீட்டுக்குப் போய் மணியை அடித்தார். கதவைத் திறந்தவன் சற்று நேரம் வாசலிலேயே மறித்து நின்றான். பிறகு நகர்ந்து வழி விட்டான்.

"உள்ள வா. அண்ணி வேலையை முடிச்சுட்டாங்களாம். நேத்து ஃபோன் பண்ணாங்க."

அவரிடம் அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை. பழைய இடத்திலேயே சுருக்கென்றது. வலிக்கட்டும் என்று அவர் உள்ளே போய் உட்கார்ந்தார்.