ஏறிப் பாருங்க

1958இல் நான் புதுக் கார் வாங்கினேன். நெல்லித்தோப்பில் எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் பூசை போட்டோம். குருக்கள் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அதை நசுக்கிவிட்டு வண்டியை நிறுத்த வேண்டியதுதான் என் வேலை. பழம் நசுங்கியது, கார் நிற்கவில்லை. பிரேக்கை அடிவரை மிதித்தும் நிற்காமல் போய், எதிரே கொட்டியிருந்த மணலில் முட்டித்தான் நின்றது. நல்லவேளை, என் மனைவி அஞ்சலாட்சியும் பிள்ளைகளும் பூசை முடிந்து ஏறலாமென்று ஓரமாக நின்றிருந்தார்கள்.

மறுநாள் காலையில் மாடு பூட்டி மெதுவாக இழுத்துப்போய், காரை விற்ற கண்ணையன் வீட்டு வாசலில் நிறுத்தி, பிரேக் பிடிக்கவில்லை என்றேன்.

"புது வண்டின்னா அப்படித்தான் இருக்கும். ஓட்ட ஓட்ட சரியாயிடும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படின்னா ஏறிப் பாருங்க. வீட்டுல இருக்கிறவங்களையும் கூப்பிடுங்க. கடற்கரை வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்று கதவைத் திறந்து பிடித்தேன். தெருவே கூடிவிட்டது.

கடற்கரை என்றதும் அவருடைய சின்ன மகள் உள்ளேயிருந்து ஓடிவந்து வண்டியில் கால் வைத்தாள்.

"ஏறாதடி!" என்று அலறினார் கண்ணையன்.

அலறிய பிறகுதான் சுற்றிலும் பார்த்தார். "வண்டிய விட்டுட்டுப் போங்க, வாங்கின பணத்தக் குடுத்துடறேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நடந்தே வீடு திரும்பினேன். தெருமுனையிலேயே என் பிள்ளைகள் சண்டை போடும் சத்தம் கேட்டது. அன்றைக்கு மட்டும் நான் அதட்டவில்லை.