பாசி உள்ளே வரக் கூடாது

எங்க நாத்தனாரைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை தப்பா பேசினா எனக்குக் கெட்ட கோபம் வரும். பேசறதா இருந்தா நான் மட்டும்தான் பேசணும். அவளுக்கு வேலை செய்யற இடத்துல பேரு பாசி. ஆராய்ச்சிக் கூடத்துல ஜன்னலோரமா வரிசையா கண்ணாடிக் குடுவை வெச்சுத் தண்ணிப் பாசி வளர்க்கிறா. அதுக்கு விளக்கு, அதுக்குக் காத்து, அதுக்கு ஏசி. "நான் கட்டின புருஷனைக்கூட இப்படிப் பார்த்துக்கிட்டதில்லைடி"ன்னு சொன்னா, "தெரியுமே அண்ணி, எங்கண்ணன் இளைச்சுத்தானே கிடக்கறான்"னு திருப்பிக் குடுப்பா.

நான் போஸ்ட்மார்ட்டம் டாக்டர். எங்க ரெண்டு பேர் வேலையும் எந்த ஜென்மத்துலயும் சேராதுன்னு நினைச்சிருந்தேன்.

அவ பாசியில நீலமா ஒரு புரதம் இருக்கு. அதைப் பிரிச்செடுத்து, நோய் கண்டுபிடிக்கிற சோதனைகளுக்கு அடையாளச் சாயமா ஆக்கறதுதான் அவ பொழப்பு. அந்தப் புரதம் துளியூண்டு எங்க இருந்தாலும் நிறம் மாறிக் காட்டற ஒரு சோதனையையும் அவளே பண்ணி வெச்சிருந்தா. "இது யாருக்குடி உதவும்?"னு கேட்டேன். "உங்களுக்குத்தான்"னா. நான் சிரிச்சேன்.

அப்புறம்தான் கல்குவாரிக் குட்டையில இருந்து அந்தப் பொண்ணைக் கொண்டு வந்தாங்க. ஒரு கொத்தனாரோட சம்சாரம். துணி துவைக்கப் போனவ, தண்ணியில ரொம்ப நாள் கிடந்துட்டா. கழுத்துல ஒரு தடம். கயிறு போட்டு நெரிச்சதா, சுத்திக்கிட்ட துணியான்னு சொல்ற நிலைமையில உடம்பு இல்லை. கொத்தனார்தான் வீட்ல கழுத்தை நெரிச்சுக் கொன்னு குட்டையில போட்டான்னு போலீஸ் அவனைப் பிடிச்சு உள்ள வெச்சிருச்சு. புகார் குடுத்தது அந்தப் பொண்ணோட தம்பி. எலக்ட்ரீஷியன். அக்கா வளர்த்த பையன். ஆத்திரத்துல குடுத்துட்டு, இப்ப தூக்கம் போயி, தினமும் எங்க வராந்தா பெஞ்சுல வந்து உட்கார்ந்திருப்பான்.

"மேடம், எங்க மாமா கொன்னாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. அக்கா பொண்ணு அப்பா எங்கன்னு கேக்குது. நான் என்னத்தைச் சொல்ல?"

தண்ணியில மூழ்கிச் சாகறவங்க தண்ணியை மூச்சோட இழுப்பாங்க. துடிக்கிற இதயம் அதுல இருக்கிற பாசியை ரத்தத்தோட எலும்பு மஜ்ஜை வரைக்கும் தள்ளி விட்டுடும். செத்த உடம்பைத் தூக்கிப் போட்டா அங்க ஒண்ணும் போகாது. அதனால மஜ்ஜையை அமிலத்துல கொதிக்க வெச்சு, பாசியோட கண்ணாடி மாதிரி மேல் ஓடு இருக்கான்னு மைக்ராஸ்கோப்புல தேடுவோம். தேடினேன், ஒண்ணும் இல்லை. குட்டைத் தண்ணியிலயே ஓடுள்ள பாசி இல்லை. இருந்ததெல்லாம் ஓடில்லாத வழவழப் பச்சை.

"அதான் எங்க ஆளு. அதுலதான் என் நீலப் புரதம் இருக்கு"ன்னா பாசி.

தொடை எலும்பு மஜ்ஜையைக் குடுத்து அனுப்பினேன். மறுநாளே போன். "அண்ணி, நீலம் வந்துடுச்சு!" எனக்கு வாய் சும்மா இருக்குமா? நேரா வராந்தாவுக்குப் போனேன். "உங்கக்கா மூழ்கித்தான்பா போயிருக்காங்க. உங்க மாமா ஒண்ணும் பண்ணலை"ன்னு சொல்லிட்டேன். அவன் ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதான்.

அடுத்த நாள் காலையில பாசி வந்து நின்னா. முகமே சரியில்லை.

"அண்ணி, அந்த ரிசல்ட் செல்லாது."

"என்னடி உளர்றே?"

மூழ்காம செத்த ஒருத்தரோட மஜ்ஜையையும் சோதிக்காம அவ வாயே திறக்க மாட்டாளாம். சந்தோஷத்துல இந்தத் தடவை முதல்ல போன் பண்ணிட்டு அப்புறம் சோதிச்சிருக்கா. மாரடைப்புல போன ஒரு பெரியவரோட மஜ்ஜை. அதுவும் நீலம்!

"அவர் கட்டில்ல படுத்திருந்தவர்டி! எந்தக் குட்டையில மூழ்கினாரு?"

"என் குட்டையில"ன்னு தன் ஜடையைத் தூக்கிக் காட்டினா. பதினஞ்சு வருஷமா பாசியோட குடித்தனம். கோட்டுல, நகத்துல, தலைமுடியில எல்லாம் காய்ஞ்ச பாசி. ஜடையைப் பஞ்சால துடைச்சு அதையும் சோதிச்சுப் பார்த்திருக்கா. மஜ்ஜையை விட நல்லா நீலமாச்சாம். ஊருக்கெல்லாம் சுத்தம் சொல்றவ, தன்னையே மறந்துட்டா.

எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்தது. "அந்தக் கொத்தனார் நல்லவன்னு எனக்கே தோணுது. சோதனையும் அதைத்தான் சொல்லுது. பேசாம இரேன்டி!"

"இதே சோதனை நாளைக்கு ஒரு கொலைகாரனைக் காப்பாத்தும் அண்ணி. கட்டில்ல செத்தவரையே மூழ்கடிச்சிருச்சே."

சொல்லிட்டு, நான் தடுக்கறதுக்குள்ள வராந்தாவுக்குப் போயிட்டா. "நேத்து அண்ணி சொன்னதை மறந்துடுங்க. தப்பு என் பக்கம்"னா. அவன் கத்தின கத்துல ரெண்டு நர்ஸ் ஓடி வந்தாங்க. "விளையாடறீங்களா? அப்பா வந்துடுவாருன்னு குழந்தைகிட்ட சொல்லிட்டேனே!" இவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு அத்தனையையும் வாங்கிக்கிட்டா. சத்தியமா சொல்றேன், என்னால அது முடியாது.

இன்னொரு தொடை எலும்பு முத்திரை வெச்சபடி எங்க ஃப்ரீசர்ல இருந்தது. இருந்தது அது ஒண்ணுதான். அதையும் கெடுத்துட்டா அந்தக் கொத்தனாருக்கு வேற வழி கிடையாது.

"நான் தொடக் கூடாது. நீங்கதான் பண்ணணும்"னா.

"நானா?"

என் கை, தலைமுடி எல்லாத்தையும் பஞ்சால என்னையே துடைச்சு எடுக்க வெச்சா. அதை அவ தொடலை, ரத்த வங்கி டெக்னீஷியனை விட்டு சோதிக்கச் சொன்னா. நிறம் மாறலை. "அண்ணி, நீங்க சுத்தம்"னா. இருபது வருஷமா பிணம் அறுக்கிறவளைப் பார்த்து இப்படிச் சொன்ன முதல் ஆள் அவதான்.

அவ காலே வெக்காத ரத்த வங்கி அறையை வாங்கினோம். பிரிக்காத பாக்கெட், புது கையுறை, புது ரம்பம். கண்ணாடிக் கதவுக்கு வெளியில, அந்தத் தம்பி உட்கார்ந்திருந்த பெஞ்சுலயே ஒரு ஓரமா இவளும் உட்கார்ந்தா. போன்ல என்னை ஆட்டி வெச்சா.

"மெதுவா, அண்ணி. சாம்பாரா ஊத்தறீங்க? சொட்டு! சொட்டு!"

"கத்தாதேடி, சொட்டைத்தான் எண்ணிக்கிட்டிருக்கேன்!"

ஆயிரம் உடம்பை அறுத்தவ, சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொட்டா எண்ணி விட்டேன். மூணு கிண்ணம். ஒண்ணு குட்டைத் தண்ணி, ஒண்ணு அவ கை படாம புதுசா எடுத்த பெரியவர் மஜ்ஜை, ஒண்ணு அந்தப் பொண்ணு. குட்டைத் தண்ணி உடனே நீலமாச்சு. பெரியவர் அப்படியே நிறமில்லாம இருந்தார். மனுஷன் ஒருவழியா கட்டிலுக்குத் திரும்பிட்டார். மூணாவதைக் கண் கொட்டாம பார்த்துக்கிட்டே இருந்தேன். அடியில லேசா ஒரு நீலம் கிளம்பி, மெல்ல மெல்லக் கிண்ணம் பூரா ஏறிச்சு.

அவ விடலை. "திரும்பப் பண்ணுங்க"ன்னா. வைதுக்கிட்டே திரும்பப் பண்ணினேன். அதேதான். மூணு கிண்ணத்தையும் கண்ணாடிகிட்ட தூக்கிக் காட்டினேன். பாசி ரொம்ப நேரம் உத்துப் பார்த்துட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

நான் வெளியில வந்தப்ப அந்தத் தம்பி எழுந்து நின்னான். இந்தத் தடவை அவன் அழலை, நம்பவும் இல்லை. "அன்னிக்கும் இதைத்தானே மேடம் சொன்னீங்க?"

"அன்னிக்கு அது என்னோட பாசி"ன்னா இவ. "இன்னிக்கு உங்கக்காகிட்ட இருந்தது. உயிரோட இருந்தவங்க மஜ்ஜைக்குத்தான் அது போக முடியும். உங்க மாமா கழுத்தை நெரிச்சுக் கொன்னு போடலை. கோர்ட்டுல வந்து நானே சொல்வேன். முதல் தடவை தப்பு பண்ணினதையும் சேர்த்துச் சொல்வேன்."

அவன் கண்ணாடிக் கதவு வழியா அந்த மூணாவது கிண்ணத்தைப் பார்த்தான். அப்புறம் கேட்டான்: "அப்போ... எங்கக்கா தண்ணிக்குள்ள மூச்சு விட்டாளா?"

இந்தக் கேள்விக்கு நான் வழக்கமா ஒண்ணு சொல்வேன். 'இல்லப்பா, தெரிஞ்சே இருக்காது, உடனே போயிருப்பாங்க'ன்னு. வாயைத் திறந்தேன். இவ முந்திக்கிட்டா.

"விட்டாங்க. கொஞ்ச நேரம். அந்த மூச்சுதான் உங்க மாமாவை வெளியில கொண்டு வரப் போகுது."

அவன் அப்படியே பெஞ்சுல உட்கார்ந்துட்டான். "மாமாகிட்ட நானே போய்ச் சொல்றேன். நான்தானே உள்ள அனுப்பினேன்"னான். எழுந்து அவ கையைப் பிடிக்க வந்தான். இவ சட்டுன்னு கையைப் பின்னால இழுத்துக்கிட்டா.

"தொடாதீங்க, என் மேலெல்லாம் பாசி."

"இருக்கட்டும்க்கா"ன்னு சொல்லி, அவன் அவளோட ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான்.