ஜமீனின் நீரூற்று

கண்ணாடிக் கடைக்காரருக்குத் தன் சகலையைக் கண்டாலே ஆகாது. மனைவியின் தங்கை புருஷனாகப் போய்விட்டாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மனசுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஜமீன். கொல்லையில் மேஜை அகலத்துக்கு ஒரு குளம் வெட்டி, நடுவில் நீரூற்றும் வைத்து, வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுகிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? குளத்தில் கிடந்த மீன்களுக்கும் அந்த மனிதரைப் பிடிக்காது என்பது இவருடைய தீர்மானம்.

ஒரு விடுமுறை நாள் காலையில் ஜமீனிடமிருந்து போன் வந்தது. நீரூற்று நின்றுவிட்டதாம். ஆபீஸ் மேலதிகாரி அம்மா மதியம் சாப்பிட வருகிறாராம். கடையில் மீன்தொட்டி வைத்திருந்த பாவத்துக்கு இவர்தான் போகவேண்டுமாம். முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். மனைவி செருப்பை எடுத்து முன்னால் வைத்துவிட்டாள்.

போனால், ஜமீன் ஒயரைப் பிடித்து மோட்டாரைத் தூண்டில் மீன் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார். ப்ளக் சுவரிலேயே இருந்தது. இவர் ஓடிப்போய் அதைப் பிடுங்கினார்.

"எரிஞ்சுபோச்சு சகலை. மட்டமான சரக்கு" என்றார் ஜமீன்.

"கடைசியா எப்பக் கழுவினீங்க?"

"தண்ணிக்குள்ளேயே கிடக்கறதை எதுக்குக் கழுவணும்?"

எங்கே தொட்டாலும் வழுக்குகிற முட்டாள்தனம்.

மோட்டாரை அடியில் கைகொடுத்துத் தூக்கினார். வடிகட்டியாக இருக்கட்டும் என்று ஜமீன் அதன்மேல் ஒரு பழைய காலுறையை மாட்டியிருந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு அதை உருவி எறிந்தார். மூடியைக் கழற்றினால் உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் கரிக்கட்டை மாதிரி இருந்தது. தண்ணீரைத் தள்ளுகிற குட்டி விசிறியில் பாசி சடையாகச் சுற்றி, உப்பும் படிந்திருந்தது. விசிறியை வினிகரில் ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தார். ஸ்பாஞ்சைக் குளத்துத் தண்ணீரிலேயே அலசினார். ஜமீன் உதவி செய்கிறேன் பேர்வழி என்று சோப்புத்தூளோடு வந்தார். மீன் செத்துவிடும் என்று சொல்லி அவரைத் துரத்தவேண்டியிருந்தது. சேறு ஏறாமல் இருக்க மோட்டாரை ஒரு செங்கல்மேல் உட்காரவைத்து ப்ளக்கை மாட்டியதும் தண்ணீர் பீறிட்டது.

நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. சட்டையெல்லாம் சேறாக இருக்கிறது, விருந்தாளி வருவதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள் என்றுதான் வந்தது.

மேலதிகாரி அம்மா வந்தார். குளத்தைப் பார்த்தார்.

"காலையில நின்னுபோச்சு மேடம். நானே பிரிச்சு, கழுவி, மாட்டிட்டேன்" என்றார் ஜமீன், இவர் பக்கமே திரும்பாமல்.

"நல்லதாப் போச்சு. எங்க வீட்டுலயும் ஒண்ணு நின்னு கிடக்கு. அடுத்த வாரம் வந்து பார்த்துக் குடுங்க" என்றார் அந்த அம்மா.

ஜமீனுக்கு முகம் செத்துப்போயிற்று. கண்ணாடிக் கடைக்காரர் அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் தன்னோடு வரச்சொல்லி ஜமீன் கெஞ்சினார். இவர் கடையில் வேலை என்றார். மச்சினி பேசியும் அசையவில்லை. ஜமீன் தனியாகப் போய், விசிறியின் அச்சை ஒடித்துவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டபோது இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "அந்தாளு பொய்யன். நீங்க என்னவாம்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மேலதிகாரி அம்மா திட்டவில்லை. புது அச்சு வாங்கிக் கொடுத்து, மறுபடியும் வரச்சொன்னார். அதற்கப்புறம் மாதாமாதம் வரச்சொன்னார். ஜமீனும் போய்ப் போய், வேறு வழியில்லாமல் வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டார். போன வாரம் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தவர், மீன்தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"சகலை, மோட்டாருக்குச் சோப்பு மட்டும் போட்டுராதீங்க. மீன் செத்துரும்."

கல்லாவில் மனைவி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கடைக்காரர் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.